சோளம், இறுங்கு, குரக்கன், காட்டுப்புல்: அடிச்சாம்பல் நோயில் எது எந்தக் கிருமி?

திருகோணமலை மாவட்டத்தில் சோளமும் சிறுதானியமும் செய்பவர்கள், விவசாயப் போதனாசிரியர்கள், நுணுக்குக்காட்டி கைவசம் உள்ள ஆசிரியர்கள், மாணவர்கள் ஆகியோருக்கான கேள்வி பதில் இது. ஆங்கிலத்தில் ‘டவுனி மில்டியு’ எனப்படும் நோயை இங்கே அடிச்சாம்பல் நோய் என்று எழுதுகிறோம். இலையின் அடிப்புறத்தில் சாம்பல் பூத்ததுபோல் தெரிவதால் வந்த பெயர்.

தமிழ்நாட்டுப் பிரசுரம் ஒன்றில் ‘சோளத்தில் அடிச்சாம்பல் நோய்’ என்று இருக்கிறது. அது நம் சோளனுக்குப் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது. தமிழ்நாட்டில் சோளம் என்றால் நம் இறுங்கு. நாம் சோளம், சோளன் என்று சொல்வதை அங்கே மக்காச்சோளம் என்பார்கள். நம் குரக்கன் அங்கே கேழ்வரகு. இந்த மூன்று பெயரையும் மாற்றி வாசிக்காவிட்டால் அறிகுறி, மருந்து, விதை நேர்த்தி எல்லாமே வேறு பயிருக்குப் போய்விடும். இறுங்கையும் சோளத்தையும் ஒரே கிருமி தாக்குவதும் உண்டு என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. இந்தப் பக்கத்தில் சோளம் என்றால் கதிரில் மஞ்சள் மணி வைக்கும் நம் சோளம்தான்.

இது பங்கசு நோய்தானே?

பார்வைக்குப் பங்கசு போல இருக்கும், உறவு வேறு. இவை ஊமைசீற்றுகள் என்ற தனிக் கூட்டம். கலச்சுவரில் கைற்றினுக்குப் பதிலாக முக்கியமாகச் செலுலோசும் பீற்றா-குளுக்கன்களும் உள்ளன. வகைப்பாட்டில் பழுப்பு அல்காக்கள், தயற்றங்கள் பக்கமே இவற்றுக்கு நெருக்கம். உருளைக்கிழங்கின் பின்வெளிறலை உண்டாக்கும் பைற்றொப்தோராவும் இதே பெரொனோஸ்போரேசியே குடும்பம்தான்.

இதைப் பரீட்சைக்குரிய விடயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். காபெண்டசிம் தெளித்தும் நோய் நிற்கவில்லை என்றால் காரணம் இதுதான். அந்த மருந்து உண்மையான பங்கசைத் தாக்கும். ஊமைசீற்றில் வேலை செய்யாது. ரெபுகொனசோல் போன்ற திரையசோல் வகைகள் எர்கொஸ்ரெரோல் உற்பத்தியைத் தடுப்பவை. ஊமைசீற்றுகள் எர்கொஸ்ரெரோலைத் தயாரிப்பதே இல்லை. ஆகவே அங்கே தடுக்க எதுவும் கிடையாது.

புல்லினங்களைத் தாக்கும் பேரினங்கள் எத்தனை? எல்லாவற்றையும் தெரிந்திருக்க வேண்டுமா?

இன்றைய வகைப்பாட்டில் எட்டு: ஸ்கிளெரோஸ்போரா, பெரொனோஸ்கிளெரோஸ்போரா, ஸ்கிளெரோப்தோரா, கிராமினிவோரா, வியன்னோற்றியா, போவாகற்றெஸ்தியா, இராப்தோரா, பாவோபாபொப்சிஸ். பின்னைய ஐந்தும் 2003க்கும் 2015க்கும் இடையில் தனியாகப் பிரிக்கப்பட்டவை. அவை பெரும்பாலும் காட்டுப்புற்களில் காணப்படும். பயிர்ச் சேதத்தில் அவற்றுக்குப் பங்கு மிகக் குறைவு.

வயலுக்கு முதல் மூன்றும் போதும். ஸ்கிளெரோஸ்போராவை 1879இல் ஷ்ரோற்றர் நிறுவினார். கம்பிலும் தினையிலும் பச்சைக்கதிர் நோயைத் தரும் ஸ்கிளெரோஸ்போரா கிராமினிகோலா அதன் முக்கிய இனம். ஸ்கிளெரோப்தோராவை 1953இல் திருமலாச்சார், ஷோ, நரசிம்மன் ஆகிய மூவரும் பிரித்தெடுத்தார்கள். பாதி ஸ்கிளெரோஸ்போரா, பாதி பைற்றொப்தோரா என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. பெரொனோஸ்கிளெரோஸ்போரா முன்பு ஸ்கிளெரோஸ்போராவுக்குள் ஓர் உபபேரினமாகவே இருந்தது. 1978இல் ஷோ அதைத் தனிப் பேரினமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதனால்தான் பழைய நூல்களில் ‘ஸ்கிளெரோஸ்போரா சோர்கி’ என்றும் புதியவற்றில் ‘பெரொனோஸ்கிளெரோஸ்போரா சோர்கி’ என்றும் வருகிறது. கிருமி ஒன்றுதான்.

வயலில் நின்றபடி என்ன பார்க்கலாம்?

சோளத்தில் மிகத் தெளிவான அடையாளம் ‘அரை இலை’. இலையின் காம்புப் பக்கம் வெளிறி மஞ்சளாகவும் நுனிப் பக்கம் வழமையான பச்சையாகவும் இருக்கும். இரண்டுக்கும் இடையில் எல்லை பளிச்சென்று தெரியும். அடுத்தடுத்து வரும் இலைகளில் வெளிறிய பகுதி கூடிக்கொண்டே போகும். இலைகள் ஒடுங்கி, விறைத்து, மேல்நோக்கி நிற்கும். விடியற்காலையில் வெளிறிய பகுதியின் அடிப்புறத்தைப் பார்த்தால் மெல்லிய வெண்பஞ்சு படர்ந்திருக்கும். வெயில் ஏறிய பிறகு போனால் அது காணாமல் போயிருக்கும். நோயே இல்லை என்று பலர் முடிவுகட்டுவது இந்த நேரத்தில்தான்.

இறுங்கில் இன்னொரு கட்டம் உண்டு. முதிர்ந்த இலைகளில் நரம்புகளுக்கிடையே கபில நிறக் கோடுகள் தோன்றி, காற்றில் இலை நார்நாராகக் கிழியும். அந்தக் கோடுகளுக்குள் முட்டைவித்திகள், அதாவது மண்ணில் நெடுநாள் தாங்கும் தடித்த சுவருள்ள வித்திகள், நிறைந்திருக்கும். சோளத்தில் இப்படிக் கிழிவது அரிது.

குழப்பும் மற்றவை:

நாகக் குறைபாடு. இளஞ்சோளத்தில் நடுநரம்பின் இருபுறமும் அகலமான வெள்ளைப் பட்டைகள் வரும். அடிப்புறத்தில் பஞ்சு இருக்காது. வயலில் திட்டுத்திட்டாக அல்லாமல் மணல்பாங்கான இடமெங்கும் ஒரேமாதிரி தெரியும். குச்சவெளிப் பக்க மணல் நிலங்களில் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வைரசுக் கோடுகள். குறுகிய, விட்டுவிட்டு வரும் கோடுகள், பஞ்சு இல்லை.

சாம்பல் நோய். இது வேறு நோய். பெரும்பாலும் மேற்புறத்தில் மாப்போல் இருக்கும், விரலால் துடைத்தால் வரும், பகலிலும் மறையாது.

களைநாசினிச் சேதம். தெளித்த வரிசையைப் பின்பற்றும். புதிய இலைகள் பிறகு நன்றாக வரும். அடிச்சாம்பலில் புதிய இலைகள் முன்னையதைவிட மோசமாகவே வரும்.

மாதிரியை எப்போது, எப்படி எடுப்பது?

இதில் தவறினால் பின்னால் எதுவும் சரிவராது. இந்தக் கிருமிகள் நள்ளிரவுக்குப் பிறகு, பெரும்பாலும் விடிய 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் வித்திகளை உருவாக்கும். இலை மேல் ஈரப்படலம் வேண்டும்; இருட்டு வேண்டும்; இனத்துக்கேற்ப ஏறக்குறைய 18 முதல் 24 பாகை செல்சியசு வேண்டும். இந்த வித்திகளின் சுவர் மிக மெல்லியது. வெயில் பட்டுச் சில மணி நேரத்தில் சுருங்கிச் செத்துவிடும். ஆகவே விடியற்காலையில் வயலுக்குப் போக வேண்டும், அல்லது இரவை ஒரு பெட்டிக்குள் கொண்டுவர வேண்டும். மார்கழி, தை மாதங்களில் கடலோரத்தில் இரவு அவ்வளவு குளிர்வதில்லை. கந்தளாய்ப் பக்கம் போன்ற உள்நிலங்களில் பனி நன்றாக விழும்.

பெட்டி முறை இதோ. மாலை 4 மணியளவில், பகல் முழுதும் வெயில் கண்ட செடியிலிருந்து வெளிறிய இளம் இலைகள் மூன்று நான்கு வெட்டுங்கள். நிழலில் நின்ற செடி வேண்டாம். பகலில் ஒளித்தொகுப்புச் செய்யாத இலை இரவில் வித்தி தராது. ஓடும் தண்ணீரில் அடிப்புறத்தை விரலால் மெதுவாகத் தேய்த்துப் பழைய வித்திகளைக் கழுவி விடுங்கள். தாளால் ஒற்றி எடுங்கள். பிளாஸ்ரிக் பெட்டியின் அடியில் ஈரமான ரிசூ தாளை இரண்டு மடிப்பாக விரித்து, அடிப்புறம் மேலே பார்க்கும்படி இலைகளை வையுங்கள். தண்ணீர் தேங்கக்கூடாது, தேங்கினால் மறுநாள் பற்றீரியா நாற்றம்தான் மிச்சம். மூடி, இருட்டில், 20 பாகையளவில் 7 முதல் 9 மணி நேரம் வையுங்கள். குளிரூட்டிய அறை இல்லையென்றால் மீன் கொண்டுபோகும் ரெஜிபோம் பெட்டிக்குள், துணி சுற்றிய ஐஸ் போத்தல் ஒன்றுடன் வைக்கலாம். போத்தல் இலையில் முட்டக்கூடாது. வெப்பமானி ஒன்றை உள்ளே போட்டுவிடுங்கள். 15 பாகைக்குக் கீழே இறங்கினால் ஐஸைக் குறையுங்கள்.

மூதூரிலிருந்து நகரத்துக்கு மாதிரி கொண்டுவருபவர்கள் இலையைப் பொலித்தீனில் இறுகக் கட்டி மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். வந்து சேரும்போது இலை வெந்து போயிருக்கும். தாளில் சுற்றி, அதைத் தளர்வான பையில் போட்டு, நிழலில் கொண்டுவாருங்கள்.

நுணுக்குக்காட்டியில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

அளவை விடுங்கள், முதலில் முளைக்கும் விதம். பேரினத்தைப் பிரிப்பது அதுதான்.

வெண்பஞ்சை ஊசியால் ஒரு துளி குளிர்ந்த தண்ணீரில் தட்டி, 18 முதல் 20 பாகையில் வைத்து, 30 நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். நுனியில் சிறு மூடி போன்ற முகிழ் இருந்து, அது திறந்து, இரண்டு சவுக்குமுளையுள்ள இயங்குவித்திகள் நீந்தி வெளியேறினால் ஸ்கிளெரோஸ்போரா. வித்தி பெரிதாகத் தேசிக்காய் வடிவில் இருந்து, தாங்கும் காம்பு இலைவாயிலிலிருந்து சற்றே எட்டிப் பார்க்கும் அளவு குட்டையாக இருந்து, இயங்குவித்திகளும் வந்தால் ஸ்கிளெரோப்தோரா. நுனியில் முகிழே இல்லாமல், பக்கத்தில் ஒரு முளைக்குழாய் நீண்டால் பெரொனோஸ்கிளெரோஸ்போரா. முதலிரண்டிலும் உள்ளதை வித்திக்கலன் என்கிறோம். மூன்றாவதில் உள்ளது தூளியம். சொல் வேறுபாடு இந்த முளைப்பு வேறுபாட்டிலிருந்து வந்தது.

அறை வெப்பநிலையில், 30 பாகையில், துளியை வைத்துவிட்டு இயங்குவித்தி வரவில்லை என்று எழுதாதீர்கள். அந்தச் சூட்டில் வராமல் போகலாம்.

அளவுகள்?

கண்வில்லை அளவுகோலை மேடை அளவுகோலுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே அளக்க வேண்டும். மேடை அளவுகோலின் ஒரு பிரிவு 10 மைக்ரோமீற்றர். 400 மடங்கில் கண்வில்லையின் 40 பிரிவு மேடையின் 10 பிரிவுடன் பொருந்தினால், கண்வில்லையின் ஒரு பிரிவு 2.5 மைக்ரோமீற்றர். வில்லையை மாற்றினால் மறுபடி பார்க்க வேண்டும். குறைந்தது 50 வித்திகளை, எடுத்த உடனேயே, தண்ணீரில் அளவிடுங்கள். வழுக்கி தயாரிக்கப் பயன்படும் லக்ற்றோபினோல் திரவத்தில் ஊறியவை சுருங்கும். அந்த அளவை நூலில் உள்ள அளவோடு ஒப்பிட முடியாது.

பொதுவாகக் கொடுக்கப்படும் எல்லைகள், மைக்ரோமீற்றரில்:

பெரொனோஸ்கிளெரோஸ்போரா சோர்கி: தூளியம் 15–29 × 15–27, ஏறக்குறைய உருண்டை.

பெரொனோஸ்கிளெரோஸ்போரா பிலிப்பினென்சிஸ்: 27–39 × 17–21, நீண்ட முட்டை, சில உருளை.

பெரொனோஸ்கிளெரோஸ்போரா சக்காரி: 25–41 × 15–23, நீள்வட்டம்.

ஸ்கிளெரோஸ்போரா கிராமினிகோலா: வித்திக்கலன் 14–31 × 12–21, நுனியில் முகிழ்.

ஸ்கிளெரோப்தோரா மக்ரோஸ்போரா: 60–100 × 43–64, தேசிக்காய் வடிவம். பத்து மடங்கு கைவில்லையிலேயே மணல்போலத் தெரியும்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. அளவை மட்டும் வைத்து இந்த இரண்டையும் பிரித்தேன் என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

முட்டைவித்தியை எப்படி எடுப்பது?

கபிலக் கோடு உள்ள இலைத் துண்டுகளை ஒரு சென்ரிமீற்றர் அளவில் வெட்டி, 10 சதவீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் 5 முதல் 10 நிமிடம் சூடாக்குங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பச்சையம் போய் இலை கண்ணாடிபோல் ஆனதும் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவி, வழுக்கியில் வைத்து மூடுகண்ணாடியால் நசுக்கினால் தடித்த சுவருள்ள உருண்டைகள் தெரியும். சோர்கியில் அவை சராசரி 36 மைக்ரோமீற்றர். ஸ்கிளெரோப்தோரா மக்ரோஸ்போராவில் அதைவிடப் பெரியவை. நரம்புத் திசுவை ஒட்டியே பதிந்திருக்கும், அதனால் இலை கிழியாது. பிலிப்பினென்சிஸில் முட்டைவித்தி அரிது. முட்டைவித்தி கிடைக்கவில்லை என்பதை அதன் அடையாளமாகக் கொள்ள வேண்டாம். இளம் இலையில் எந்த இனத்திலும் அது கிடைக்காது.

ஆய்வுகூடத்தில் அகார் தட்டில் வளர்த்துப் பார்த்தார்கள், பியுசேரியம் என்று அறிக்கை வந்தது. அப்படியானால் அடிச்சாம்பல் இல்லையா?

அந்த அறிக்கையிலிருந்து அப்படி முடிவெடுக்க முடியாது. இவை உயிருள்ள தாவரத்தில் மட்டும் வாழும் கட்டாய ஒட்டுண்ணிகள். சாதாரண அகாரில் வளரவே மாட்டா. தட்டில் வளர்ந்தது இலையில் பிறகு குடியேறிய ஏதோ ஒன்று. ‘அடிச்சாம்பல் சந்தேகம், அகார் வேண்டாம்’ என்று மாதிரிப் பையின் மேலேயே எழுதி அனுப்புங்கள்.

சோளத்தில் கண்டால் ‘பெரொனோஸ்கிளெரோஸ்போரா மேடிஸ்’, இறுங்கில் கண்டால் ‘பெரொனோஸ்கிளெரோஸ்போரா சோர்கி’ என்று எழுதலாமா?

கூடாது. அதிகம் நடக்கும் பிழை இதுதான்; நிபுணர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள். ராஜஸ்தானில் சோளத்தைத் தாக்கியதைச் சோர்கியின் ஒரு வகை என்று நெடுநாள் நினைத்தார்கள். அது ஊசிப்புல்லிலிருந்து வருவது, தனி இனம் என்று 1980இல் பெரொனோஸ்கிளெரோஸ்போரா ஹெற்றரோபோகனிஸ் எனப் பெயரிட்டார்கள். தாய்லாந்தில் சோர்கி என்று அழைக்கப்பட்ட ஒன்று சோளத்தைத் தாக்கியது, இறுங்கைத் தாக்கவில்லை. மரபணுவிலும் அது விலகியே நின்றது. மறுபக்கம், கரும்பின் சக்காரியும் பிலிப்பினென்சிஸும் ஒன்றே என்று 1980களில் நொதிய ஆய்வுகள் காட்டின. அவுஸ்திரேலியாவில் மேடிஸ் என்று வைத்திருந்த மாதிரிகளை மறுபடி பார்த்தபோது 2012இல் அவுஸ்திரேலியென்சிஸ் என்ற புதிய இனம் வந்தது. மேடிஸ் என்ற பெயரே 1897இல் ஜாவாவின் சோளத்துக்கு வைக்கப்பட்டது.

ஆகவே வயல் குறிப்பில் பேரினம் வரைக்கும் எழுதி, பயிரின் பெயரைப் பக்கத்தில் போடுங்கள்: ‘பெரொனோஸ்கிளெரோஸ்போரா, சோளத்தில்’. இனப் பெயரை மரபணு ஆய்வு முடிந்த பிறகு சேர்க்கலாம். தவறான இனப் பெயர் ஒருமுறை பதிவேட்டில் ஏறினால் கழற்றுவது பெரும்பாடு.

வரப்பில் நிற்கும் புற்களையும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். ஆற்றங்கரை நாணல், ஊசிப்புல், காட்டு இறுங்கு மூன்றும் முக்கியம். இவற்றின் வேர்த்தண்டிலோ அடியிலோ கிருமி பயிர் இல்லாத காலத்தைக் கழித்து, பெரும்போக மழையோடு முளைக்கும் சோளத்துக்குத் தாவும். கரும்பும் சோளமும் அருகருகே நின்றால் கரும்பே ஆண்டு முழுதும் ஊற்றாக இருக்கும்; தாய்வானில் நடந்தது அது. கந்தளாயில் பழைய கரும்புத் தூர் எங்காவது நின்றால் அதன் இலையையும் திருப்பிப் பாருங்கள். புல்லின் மாதிரி எடுக்கும்போது பூங்கதிரும் சேர்த்து எடுக்க வேண்டும். வெறும் இலையை வைத்துப் புல்லின் இனத்தையே சொல்ல முடியாது. புல் தெரியாமல் கிருமியைச் சொல்வது எப்படி?

குரக்கன் கதிர் இலையாக மாறிவிட்டது. நெல்லிலும் வருமா?

குரக்கனில் பூ இருக்க வேண்டிய இடத்தில் சிறு இலைகள் முளைத்துத் தூரிகைபோல் ஆனால் முதல் சந்தேகம் ஸ்கிளெரோப்தோரா மக்ரோஸ்போரா. சோளத்தில் இதுவே ஆண்பூங்கொத்தை இலைக்கட்டாக மாற்றும்; ‘பைத்தியக் கொண்டை’ என்று சொல்வது அதைத்தான். நெல்லிலும் வரும்: செடி குட்டையாகி, இலையில் வெண்புள்ளிகள் விழுந்து, கதிர் முறுக்கி உறைக்குள் சிக்கும். 140க்கும் மேற்பட்ட புல்லினங்கள் இதற்கு இடம் கொடுக்கின்றன.

இதற்குப் பனியைவிட வெள்ளம்தான் வேண்டும். முளைத்து நாலைந்து இலை வருவதற்குள் 24 முதல் 48 மணி நேரம் நிலம் நீரில் மூழ்கினால் போதும். வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர்த் தாழ்நிலங்களில் ஐப்பசி, கார்த்திகையில் மகாவலி பெருகி வந்து நின்ற வயல்களைக் குறித்து வைத்து, கதிர் வரும் காலத்தில் அங்கேயே தேடுங்கள். வெண்பஞ்சைத் தேடி ஏமாற வேண்டாம். இதில் அது மிகக் குறைவு. திரிந்த கதிரின் இலைகளை மேலே சொன்னபடி ஐதரொட்சைட்டில் வெளுத்து முட்டைவித்தியைத் தேடுவதே வழி.

மரபணு ஆய்வுக்கு என்ன அனுப்ப வேண்டும்?

விரல் நீள இலைத் துண்டு இரண்டை 95 சதவீத எதனோலிலும், இன்னும் இரண்டைச் சிலிக்கா ஜெல்லிலும் போடுங்கள். பஞ்சு தெரியும் பகுதியாக இருந்தால் கிருமியின் மரபணு கூடுதலாகக் கிடைக்கும். மூன்றாவது பங்கைப் பத்திரிகைத் தாளில் அழுத்திக் காயவைத்து உலர்மாதிரியாக வைத்திருங்கள். தாளை முதல் மூன்று நாள் தினமும் மாற்றாவிட்டால், மாரியில் பூஞ்சணம் பிடித்துவிடும். ஒப்பிடப் பயன்படுபவை இழைமணியின் கொக்ஸ்-2 மரபணுவும் ரைபோசோமின் பெரிய உபஅலகுப் பகுதியும். போர்மலினில் போட்டுவிட்டால் மரபணு சிதைந்துவிடும். அந்த மாதிரி உருவம் பார்க்க மட்டுமே உதவும்.

மருந்து உண்டா?

மெற்றலக்சில், மெற்றலக்சில்-எம் வகையே நன்றாக வேலை செய்யும், அதுவும் விதை நேர்த்தியாக. ஏனென்றால் சோளம் செடி முழுவதும் நோயேறும் அபாயம் முளைத்து முதல் மூன்று நான்கு கிழமையில்தான். அரை இலை தெரிந்த பிறகு தெளிப்பது பெரும்பாலும் காசு வீண். அளவு பொதியில் உள்ளபடி. இலங்கையில் அந்தப் பயிருக்குப் பதிவு உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே மருந்தை வருடாவருடம் போட்டு, அமெரிக்காவின் ரெக்சாசில் சோர்கியின் எதிர்ப்பு வகை உருவானது. நோயுள்ள செடியைப் பகலில் பிடுங்கிப் புதைக்கலாம் அல்லது எரிக்கலாம். பசளைக் குழிக்குள் போடாதீர்கள்: முட்டைவித்தி மண்ணில் சில வருடங்கள் தாங்கும்.

நோய் வந்த வயலின் சோளத்தை விதைக்கு வைக்கலாமா?

சோர்கியைப் பொறுத்தவரை, ஈரமான புதுமணியில் கிருமியின் இழை உயிரோடு இருக்கும். நன்றாகக் காய்ந்து சேமித்த விதையில் அது செத்துவிடும். ஆனால் உமியிலும் இலைத்தூளிலும் ஒட்டிய முட்டைவித்திக்குக் காய்வது ஒரு பொருட்டல்ல. கிடைத்தால் வேறு விதை வாங்குங்கள்.

யாரிடம் காட்டுவது?

முதலில் உங்கள் கமநல சேவை நிலையத்துக்கு வரும் விவசாயப் போதனாசிரியரிடம். தொலைபேசியில் கேட்க விவசாயத் திணைக்களத்தின் 1920. சோளம், சிறுதானியங்களுக்கான ஆய்வு நிலையம் மகா இலுப்பள்ளமவில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த விதையில் முளைத்த பயிர் என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். தாவரத் தொற்றுத்தடுப்புப் பிரிவும் பார்க்க வேண்டியிருக்கும். மாதிரியோடு ஒரு தாளில் இடம், திகதி, பயிரின் வயது, வெள்ளம் நின்றதா, எத்தனை மணிக்கு வெட்டியது, பக்கத்தில் நின்ற புல் என்ன என்று பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை எதனோலில் கரைந்துவிடும்.